கண்ணாடி கழுவும் கம்பு வாங்குவதற்கு முன் தண்ணீரை அளந்து பாருங்கள்

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு துணிக்கடை. மூன்று மாடி, முகப்பு முழுக்கக் கண்ணாடி. சிங்கப்பூரில் ஏழு வருடம் கண்ணாடி கழுவும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை அது. கையோடு கொண்டு வந்திருந்த, உள்ளே தண்ணீர் ஹோஸ் ஓடும் கார்பன் கம்பை நீட்டி, நுனி பிரஷ்ஷில் தண்ணீர் வழிய வழிய, காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து எட்டரைக்கெல்லாம் முடித்துவிட்டேன். ஏணி இல்லை, சாரம் இல்லை. டீ குடிக்க வந்தவர்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள். எனக்கும் கொஞ்சம் தலை கனத்துத்தான் போயிருந்தது.

பத்து மணிக்கு முதலாளி போன் செய்தார். "தம்பி, கண்ணாடியில அம்மை போட்ட மாதிரி இருக்கே, கொஞ்சம் வந்து பாருங்க."

போய்ப் பார்த்தால், துளி காய்ந்த இடமெல்லாம் ஒரு வெள்ளைப் புள்ளி. கடையின் போர் தண்ணீரை நேராகக் கம்பில் மாட்டியிருந்தேன். சிங்கப்பூரில் கம்பெனி வேனில் சுத்திகரித்த தண்ணீர் தயாராக வந்து நிற்கும். ஹோஸைச் செருகுவதோடு என் வேலை முடிந்தது. அந்தத் தண்ணீர் எப்படித் தயாராகிறது என்று ஏழு வருடத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. அன்று மாலை நானும் கூட ஒரு ஆளுமாக ஏணி போட்டு, வைப்பரும் துணியுமாக, மூன்று மாடியையும் கையால் துடைத்தோம். கூலி கேட்க மனம் வரவில்லை.

இப்போது தேவகோட்டையில் இருக்கும் அக்கா மகன் இதே தொழிலில் இறங்கப் போகிறான். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "மாமா, எந்தக் கம்பு வாங்கலாம்? எத்தனை அடி?" எல்லாரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். கம்புதானே கண்ணுக்குத் தெரிகிறது. அவனுக்கு நான் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நம் பக்கத்தில் இந்தத் தொழிலுக்குப் பணம் போடும் வரிசை தண்ணீர், அப்புறம் கம்பு, அப்புறம் மற்றவை.

கம்பால் கழுவும்போது துடைப்பது கிடையாது. பிரஷ் அழுக்கைக் கிளப்பும், தண்ணீர் அதை அடித்துக்கொண்டு இறங்கும், மிச்சமிருக்கும் ஈரம் தானாகக் காயும். தண்ணீர் காய்ந்து போகும், அதில் கரைந்திருந்த உப்பு போகாது, கண்ணாடியிலேயே உட்கார்ந்துகொள்ளும். கரைந்திருப்பது எவ்வளவு என்பதைத்தான் டி.டி.எஸ் என்கிறோம். ஒரு பி.பி.எம் என்றால் ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம். கண்ணாடிக்குப் பூஜ்யம்தான் குறி, 10-ஐத் தாண்டினால் புள்ளியை எதிர்பார்க்கலாம். குடிக்கிற தண்ணீருக்கு இந்தியத் தர நிர்ணயம் 500 வரை ஏற்கிறது, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை விடுகிறது. ஆக, நாக்குக்கு நல்ல தண்ணீர் வேறு, கண்ணாடிக்கு நல்ல தண்ணீர் வேறு. காரைக்குடிக்காரர்கள் சம்பை ஊற்றுத் தண்ணீரை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நானும் மாட்டேன். ஆனால் அந்த இனிப்புத் தண்ணீரில் மீட்டரை முக்கினாலும் பூஜ்யம் காட்டாது.

உப்பை எடுக்க என்ன வழி? நான்கு வழியையும் நான் செய்து பார்த்திருக்கிறேன், நான்கிலும் அடிபட்டிருக்கிறேன்.

முதலில் ரெசின் மட்டும். டி.ஐ. ரெசின் என்பது தண்ணீரில் உள்ள உப்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும் மணிகள், பார்க்க மீன் முட்டை போல இருக்கும். ஒரு சிலிண்டரில் போட்டுத் தண்ணீரை உள்ளே விட்டால் மறுபக்கம் பூஜ்யம் வரும். மின்சாரம் வேண்டாம், கழிவுத் தண்ணீர் இல்லை, குழாயில் மாட்டிய நிமிடமே வேலை ஆரம்பிக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் போடும் கணக்கு இது: ஒரு லிட்டர் மிக்ஸட் பெட் ரெசின் (இரண்டு வகை மணியும் கலந்தது) ஏறக்குறைய 20 கிராம் உப்பைப் பிடிக்கும். 25 லிட்டர் சிலிண்டர் என்றால் 500 கிராம். டி.டி.எஸ் 1000 உள்ள போர் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு. எனவே 500 லிட்டரோடு சிலிண்டர் காலி. கம்பு நிமிடத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் குடிக்கும். ஒரு நாள் வேலைக்கு 300, 400 லிட்டர் சர்வசாதாரணம். ஆக, ஒன்றரை நாளில் ரெசின் மாற்ற வேண்டும். கூலியில் பாதி அந்த மணிகளுக்கே போய்விடும். லண்டனிலோ சிங்கப்பூரிலோ எடுத்த வீடியோவில் ஒருவர் ரெசின் சிலிண்டரை மட்டும் வைத்துக்கொண்டு ஜம்மென்று வேலை பார்ப்பார். அவருடைய குழாய்த் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்பதை வீடியோவில் சொல்ல மாட்டார்.

இரண்டாவது, ஆர்.ஓ.வும் அதன் பின்னால் ரெசினும். ஆர்.ஓ.வுக்குள் உப்பை வடிகட்டும் சவ்வான மெம்பிரேன் நல்ல நிலையில் இருந்தால் 95 சதவீத உப்பைத் தள்ளிவிடும். 1000 உள்ளே போனால் 50 வெளியே வரும். அந்த 50-ஐ ரெசினிடம் கொடுத்தால் அதே 25 லிட்டர் சிலிண்டர் 10,000 லிட்டர் தாங்கும். ஒரே சிலிண்டர், இருபது மடங்கு ஆயுள். நம் மண்ணில் தொழிலாகச் செய்வதென்றால் இதுதான் முதுகெலும்பு.

ஆனால் வீட்டுச் சமையலறையில் மாட்டும் ஆர்.ஓ. இதற்கு உதவாது. மணிக்கு 10, 15 லிட்டர்தான் தரும், ராத்திரி முழுக்க ஓடினாலும் ஒரு நாள் வேலைக்கு வராது. அதோடு, பல வீட்டு மெஷின்களில் ருசிக்காக டி.டி.எஸ் கன்ட்ரோலர் என்று ஒரு வால்வு வைத்து, கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைத் திரும்பக் கலந்துவிடுகிறார்கள். நமக்கு அது எமன். கேன் தண்ணீர் போடுகிறவர்கள் வைத்திருப்பது போன்ற சின்ன பிளான்ட், மணிக்கு 250 லிட்டர் தருவது, போதும். சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஓட்டினால் மறுநாளைக்கான தொட்டி நிரம்பிவிடும். முன்னால் மண் வடிகட்டியும் கார்பன் வடிகட்டியும் கட்டாயம். குளோரின் பட்டால் மெம்பிரேன் கெடும். கழிவுத் தண்ணீர் ஏறக்குறைய பாதிக்குப் பாதி போகும், கோடையில் அதைச் சாக்கடையில் விடுவதைப் பார்த்தால் வயிறு எரியும். என் வீட்டில் அது கழிப்பறைக்கும் வண்டி கழுவவும் போகிறது. செடிக்கு ஊற்றிப் பார்த்தேன், செம்பருத்தி கருகிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. 'சாஃப்ட்னர் போடுங்க, உப்பெல்லாம் போயிரும்' என்று விற்க வருவார்கள். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தை விட்டுவிட்டுப் போகும், அவ்வளவுதான். சோப்பு நுரைக்கும், ஹீட்டரில் பொருக்குக் கட்டாது. டி.டி.எஸ் மட்டும் குறையவே குறையாது, புள்ளி விழத்தான் விழும்.

மூன்றாவது, கேன் தண்ணீர் வாங்கி ரெசினில் விடுவது. சிரிக்க வேண்டாம். தொழில் ஓடுமா ஓடாதா என்று தெரியாத முதல் இரண்டு மாதத்துக்கு இதுவே புத்திசாலித்தனம். கேன் தண்ணீர் ஏற்கெனவே ஆர்.ஓ.வில் இறங்கி வந்ததுதான், ருசிக்கு வைத்த உப்பு மட்டும் கொஞ்சம் இருக்கும். 300 லிட்டருக்குப் பதினைந்து கேன். பிளான்டுக்குப் பெரிய பணம் போடாமல், ஒரு சிலிண்டர் ரெசினோடு வாடிக்கையாளர் கிடைக்கிறார்களா என்று பார்த்துவிடலாம். வேலை தினமும் வர ஆரம்பித்ததும் கேன் காசு கடிக்கும், அப்போது பிளான்ட் போடலாம்.

நான்காவது வழியை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, ஊர்தான் சொல்லித்தந்தது. செட்டிநாட்டு வீடுகளில் கூடுவாய் வழியாக முற்றத்தில் விழும் மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்து வைப்பார்கள். ஊருக்கு ஊர் ஊருணி வெட்டியதும் மழையை நம்பித்தான். ஒரு ஐப்பசியில், என் தகரக் கொட்டகையில் இருந்து சின்டெக்ஸ் தொட்டிக்கு வந்த தண்ணீரில் சும்மா மீட்டரை விட்டுப் பார்த்தேன். 28. காசு செலவழித்து ஆர்.ஓ.வில் எடுப்பதைவிடக் குறைவு! நூறு சதுர மீட்டர் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே 1000 லிட்டர். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட வேண்டும், தொட்டியை இருட்டாக மூடி வைக்க வேண்டும், ரெசினுக்குப் போகும் முன் மண் வடிகட்டி வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை என் பிளான்ட் பாதி நாள் ஓடுவதில்லை. பங்குனி, சித்திரையில் இந்த வழி கிடையாது என்பதால் ஆர்.ஓ.வுக்கு இது மாற்று ஆகாது, துணைதான்.

ரெசின் தீர்ந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வெளியே வரும் தண்ணீரைத் தினமும் காலையில் மீட்டரில் பார்க்க வேண்டும். 10 காட்டினால் மாற்றிவிடுங்கள். அலட்சியமாக விட்டால் மீன் வாடை வரும், அதுவும் ஒரு அறிகுறி. பழைய ரெசினுக்கு உயிர் கொடுக்க ஆசிட்டும் காஸ்டிக்கும் வேண்டும், அது வீட்டுக் கொல்லையில் செய்யும் வேலை இல்லை.

சரி, கம்புக்கு வருவோம்.

அலுமினியம் மலிவு, ஆனால் கனம். ஒரு இடத்தில் நசுங்கினால் ஒன்றுக்குள் ஒன்று போகாது, வெயிலில் தொட முடியாது, கரண்டைக் கடத்தும். வேண்டாம். கிளாஸ் ஃபைபர் விலைக்கு நியாயமானது, முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் தாங்கும். 20 அடி வரை ஒன்றும் தெரியாது. 25-ஐத் தாண்டியதும் நுனி சாட்டை போல ஆடும், நாம் இங்கே தள்ளினால் பிரஷ் அங்கே அரை நொடி கழித்து நகரும். கார்பன் விறைப்பாக நிற்கும், எடையும் 30 அடியில் கிளாஸ் ஃபைபரில் ஏறக்குறைய பாதிதான். இரண்டு கிலோ வித்தியாசம் என்ன பெரிசு என்று கடையில் தூக்கிப் பார்க்கும்போது தோன்றும். நெட்டுக்குத்தாக நிறுத்தி, நாலு மணி நேரம் மேலும் கீழும் தேய்த்துவிட்டு, ராத்திரி சோற்றைப் பிசையும்போது தோள் சொல்லும். இரண்டையும் கலந்து செய்த ஹைப்ரிட் கம்பு நடுவில் நிற்கிறது. ஹை மாடுலஸ் என்று இன்னும் விறைப்பான கார்பன் உண்டு. உயரமான கட்டடத்துக்கு அற்புதம், ஆனால் கீழே போட்டால் விரிசல் விடும் சாதி. நம் பையன்கள் குட்டி யானையின் பின்னால் தூக்கி எறியும் எறிக்கு அது தாங்காது.

எத்தனை அடி? வெளிநாட்டு விளம்பரத்தில் 60, 70 அடிக் கம்பைப் பார்த்து மயங்க வேண்டாம். காரைக்குடி மாநகராட்சி ஆகிவிட்டது, கட்டடங்கள் இன்னும் மாநகரம் ஆகவில்லை. கடை, பேங்க், ஆஸ்பத்திரி எதை எடுத்தாலும் தரைக்கு மேல் இரண்டு மாடிதான் அதிகம். மேல்மாடி ஜன்னலின் உச்சி 30 அடிப் பக்கம் வரும். கம்பைச் சாய்த்துப் பிடிப்பதில் இழப்பதும் நம் உயரத்தால் கிடைப்பதும் ஏறக்குறைய சரிக்குச் சரியாகிவிடும், எனவே 30 அடிக் கம்பு 30 அடிக்கு எட்டும். மாப்பிள்ளைக்கு நான் சொன்னது, 30 அடி ஹைப்ரிட் ஒன்று. அதோடு கீழ்த்தளத்துக்கும் சோலார் வேலைக்கும் 15 அடியில் மலிவான கிளாஸ் ஃபைபர் ஒன்று. பெரிய கம்பைப் பாதி நீட்டிச் சின்ன வேலைக்குப் பயன்படுத்துவது தேவையில்லாத தோள்வலி. 40 அடி கார்பன், அந்த உயரத்தில் மாதாமாதம் வேலை கொடுக்கும் ஒரு வாடிக்கையாளர் கிடைத்த பிறகு.

கம்பின் அடுக்குகளைப் பிடித்து நிறுத்தும் கிளாம்ப் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். இறுக்கும் திருகு தேய்ந்தால் தனியாக வாங்க முடியுமா என்று கேளுங்கள். நம் செம்மண் தூசி கம்பின் அடுக்குகளுக்குள் போய் உப்புத்தாள் போல அராவும். சாயங்காலம் அடுக்கடுக்காகக் கழற்றித் தண்ணீரில் அலசி வைப்பதைச் சோம்பலில் விட்டுத்தான் என் முதல் கம்பை இரண்டே வருடத்தில் கெடுத்தேன்.

அப்புறம் கரண்ட். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். கிளாஸ் ஃபைபர் கடத்தாது என்று விற்பவர் சொல்வார், ஈரக் கம்பும் உள்ளே தண்ணீர் ஹோஸும் இருக்கும்போது அந்தப் பேச்சை நம்பி உயிரைப் பணயம் வைக்காதீர்கள். நம் கடைத்தெருக்களில் ஈ.பி. கம்பி எந்த உயரத்தில் எப்படித் தொங்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். என் வழக்கம் இது: கம்பு முழு நீளத்தோடு எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் கரண்ட் கம்பியைத் தொடாது என்றால்தான் வேலை. இல்லையென்றால் லைனை நிறுத்த ஏற்பாடு செய்யச் சொல்வேன். முடியாது என்றால் அந்தக் கூலி எனக்கு வேண்டாம். இப்படி இரண்டு வேலையை விட்டிருக்கிறேன், வருத்தம் இல்லை.

பிரஷ்ஷைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. நைலான் முடி போதும், பன்றி முடி அழுக்கை நன்றாகப் பிடிக்கும் ஆனால் தண்ணீரைக் குடித்துக் கனக்கும். பிரஷ்ஷில் தண்ணீர் பீய்ச்சும் ஜெட்டில் மட்டும் கவனம். தண்ணீர் பாய் விரித்த மாதிரி படரும் கண்ணாடிக்குப் பென்சில் ஜெட், முத்து முத்தாக உருளும் கண்ணாடிக்கு விசிறி ஜெட்.

தூக்கிச் செல்ல மூன்று ஏற்பாடு உண்டு. முதுகில் மாட்டும் 20 லிட்டர் பை பத்து நிமிடத்தில் காலியாகும், மாடிக்குள் புகுந்து செய்யும் சின்ன வேலைக்கு மட்டும் சரி. வாடிக்கையாளர் இடத்துக்கே ஆர்.ஓ. தள்ளுவண்டியைக் கொண்டுபோய் அவர் குழாயில் மாட்டுவது இரண்டாவது. அவர் குழாயில் அழுத்தம் இருக்காது, அவர் தண்ணீர் எப்படி என்றும் தெரியாது, கழிவுத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்து அவர் முகம் சுளிப்பார். நான் வீட்டிலேயே தண்ணீர் தயாரித்து, குட்டி யானையில் 500 லிட்டர் தொட்டியில் கொண்டுபோகிறேன். தொட்டி நிறைந்தால் அரை டன், தளும்பும்போது வளைவில் வண்டியை இழுக்கும், எனவே உள்ளே தடுப்பு வைத்த தொட்டி வேண்டும், கட்டும் பெல்ட்டும் நம்பகமாக இருக்க வேண்டும். 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப், ஒரு பேட்டரி, நூறு மீட்டர் மெல்லிய ஹோஸ். பம்புக்கு வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி வைத்தால் தண்ணீர் மிச்சமாகும், ரெசினும் மிச்சமாகும்.

இத்தனையும் வாங்கிவிட்டு, செட்டிநாட்டில் கண்ணாடி என்றதும் பெரிய வீடுகளை நினைத்து ஓட வேண்டாம். நான் ஓடினேன். கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். மேல்மாடியில் வளைவு வளைவாக வண்ணக் கண்ணாடி, தேக்குச் சட்டம், சுவரெல்லாம் சுண்ணாம்புப் பூச்சு. கம்பை எடுத்து வண்டியில் இருந்து இறக்கும்போதே அந்த வீட்டு ஆச்சி திண்ணையில் இருந்து எழுந்து வந்தார்கள்.

"என்னப்பா இது, ஃபயர் சர்வீஸ் மாதிரி?"

விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "எங்க ஐயா காலத்துத் தேக்குப்பா. தண்ணியை அடிச்சு ஊற வச்சுப்புடாத," என்றார்கள்.

ஆச்சி சொன்னதுதான் சரி. உள்ளே ஏறிப் பார்த்தேன். கண்ணாடியைப் பிடித்திருக்கும் பட்டிப் பூச்சு நூறு வருட வெயிலில் காய்ந்து, நகம் பட்டால் உதிர்கிறது. சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறது. நிமிடத்துக்கு இரண்டு லிட்டரை அதன்மேல் விட்டால், உள்ளே பர்மா தேக்கு உத்தரமும் வரைந்த சித்திரமும் நனையும். அதுவும் உப்பே இல்லாத தண்ணீர் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போகக்கூடியது. அந்த வீடுகளில் பெரும்பாலும் கண்ணாடி இருப்பது கதவுக்கு மேல் வளைவில்தான், ஜன்னல்கள் மரக் கதவும் இரும்புக் கம்பியும். உள்ளே முக்காலி போட்டால் கை எட்டும். இப்போது அந்த மாதிரி வீட்டுக்குப் போகும்போது நான் கொண்டுபோவது மென்மையான பிரஷ், மைக்ரோ ஃபைபர் துணி, பூஜ்யம் தண்ணீர் ஒரு ஸ்பிரே பாட்டிலில். கம்பு வண்டியிலேயே கிடக்கும். ஒரு நாளைக்கு நாலு கண்ணாடிதான் ஆகும், அதற்கேற்ற கூலி சொல்லிவிடுவேன்.

கம்பு உண்மையில் காசு சம்பாதித்துக் கொடுப்பது கடை முகப்பு, காலேஜ், ஆஸ்பத்திரி, அப்புறம் நான் எதிர்பார்க்காத சோலார் பேனல். போர் தண்ணீரில் கழுவிக் கழுவிப் பேனல் மேல் வெள்ளைப் படலம் கட்டி வைத்திருப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். அதே தண்ணீர், அதே பம்ப், பிரஷ் மட்டும் அகலமானது. விடியற்காலையில் முடித்துவிட வேண்டும். உச்சி வெயிலில் கொதித்துக் கிடக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விழலாம்.

வாடிக்கையாளரிடம் இரண்டு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே கண்ணாடியைத் தின்றுவிட்ட உப்புக் கறையும், கட்டும்போது தெறித்த சிமென்ட்டும் பெயின்ட்டும் கம்புக்கு அசையாது. முதல் தடவை கையால் சுரண்டி எடுத்துத்தான் ஆக வேண்டும், அதற்குத் தனிக் கூலி. இன்னொன்று, "துடைக்காம போறீங்களே" என்று கேட்பார்கள். அந்தத் துணிக்கடை முதலாளியும் இரண்டாம் முறை அப்படித்தான் கேட்டார். பத்து மணிக்குப் போன் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று போன் வரவில்லை. அதற்கப்புறம் அவர் கடைக்கு நான்தான் போகிறேன்.

மாப்பிள்ளை நேற்று ராத்திரி கூப்பிட்டான். டி.டி.எஸ் மீட்டர் வாங்கிவிட்டானாம். வீட்டு போரில் 1140, தெருக் குழாயில் 310, கேனில் 64, எதிர்வீட்டுக் கிணற்றில் 870. பால் பாக்கெட் ஒன்றுதான் பாக்கி, அதிலும் விடப் போனபோது அக்கா பிடுங்கிக்கொண்டாளாம். கம்பைப் பற்றி அவன் பேச்சே எடுக்கவில்லை.